மருத்துவமனைச் சமூகப்பணியும் கதையாடல் சிகிச்சையும்

கதையாடல் சிகிச்சை என்பது 1980களில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உருவான ஓர் உளநல ஆலோசனை முறை. ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் கதையை அவரோடு சேர்ந்து திரும்பப் பார்த்து, அதில் விடுபட்டுப்போன பகுதிகளை மீட்பது இதன் வழி. இதன் தொடக்ககால முயற்சிகளில் முக்கியமான ஒன்று ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது. அதைச் செய்தவர் சமூகப் பணியாளர். ஆகவே இம்முறையின் வரலாறு, மருத்துவமனைச் சமூகப்பணியின் வரலாற்றோடு இணைந்தது. நோயாளியின் கதையை யார் சொல்வது, யார் எழுதுவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

விசாரணையில் தொடங்கிய பணி

1895இல் லண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்பவர் ‘அல்மோனர்’ என்ற பதவியில் அமர்த்தப்பட்டார். மருத்துவமனைச் சமூகப்பணியின் முன்னோடி இவரே. இலவசச் சிகிச்சை கேட்டு வருபவர் உண்மையிலேயே பணம் கட்ட முடியாதவரா என்று விசாரிப்பது அவருடைய முதன்மை வேலை. நோயாளியின் கதை அன்று சரிபார்க்க வேண்டிய ஒரு வாக்குமூலமாகவே இருந்தது.

1905இல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மருத்துவர் ரிச்சர்ட் கேபட் சமூகப்பணிப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் சேர்ந்த ஐடா கேனன் அப்பிரிவை வளர்த்தார். வீடு, வேலை, உணவு ஆகியவற்றை அறியாமல் நோயைக் குணப்படுத்த முடியாது என்பது அவர்களுடைய நிலைப்பாடு.

இந்தியாவில் 1936இல் பம்பாயில் டாடா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை மருத்துவமனைகளுக்குச் சமூகப் பணியாளர்கள் தேவை என்றது. அதே ஆண்டு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் அப்பணியிடம் உருவானது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி நிறுவப்பட்டது.

இந்த வளர்ச்சியில் நோயாளியிடம் கேட்கப்படும் கேள்விகள் கூடின. ஆனால் கேட்டதை எழுதிவைத்தவர் பணியாளர், படித்தவர் மருத்துவர். நோயாளி தன் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே வீடு திரும்பினார்.

அடிலெய்டில் ஒரு திருப்பம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் குழந்தைகள் மருத்துவமனையில் மைக்கேல் வைட் (1948–2008) உளநலச் சமூகப் பணியாளராக இருந்தார். மலத்தை அடக்க முடியாமல் ஆடையிலேயே கழித்துவிடும் குழந்தைகள் அவரிடம் அழைத்து வரப்பட்டார்கள். குழந்தைக்கு வெட்கம், பெற்றோருக்குக் கோபமும் குற்றவுணர்வும்.

வைட் அந்தப் பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘திருட்டு ஆய்’ என்று சொல்லலாம். அது எப்போது ஏமாற்றி வருகிறது, யாருக்கிடையே சண்டை மூட்டுகிறது, எந்த நாளில் அதை நீ ஏமாற்றினாய் என்று குழந்தையிடம் கேட்டார். குழந்தையும் பெற்றோரும் ஓரணியில் நின்று பிரச்சினையை எதிர்கொள்ள முடிந்தது. 1984இல் இதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரச்சினையை மனிதரிடமிருந்து பிரித்துப் பேசும் இவ்வழி ‘புறப்படுத்தல்’ எனப்படுகிறது.

நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வைட்டும் சேர்ந்து எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. சந்திப்பு முடிந்ததும் பேசியதைக் கடிதமாக எழுதி, வந்தவரிடமே கொடுப்பது அவர்கள் வழக்கம். கோப்பு இப்படி உரியவரின் கைக்குப் போனது. இந்தியாவில் மும்பையின் உம்மீத் குழந்தை வளர்ச்சி மையம் இம்முறையைப் பயன்படுத்தியும் கற்பித்தும் வருகிறது.

பெயர் மாறும்போது

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும் இலங்கைத் தமிழர் முகாமும் உள்ளன. புழலிலும் ஒரு முகாம் உண்டு. 1983 முதல் வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் பல பத்தாண்டுகளாக ‘அகதி’ என்றே அழைக்கப்பட்டார்கள். கதியற்றவர் என்பது அச்சொல்லின் பொருள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இவற்றை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியதால் குடியுரிமை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் ஒருவரை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பது அவருடைய வாழ்க்கையின் பகுதி என்பதை அரசே ஏற்ற தருணம் அது.

சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை 1986இல் நிறுவிய உளநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தமிழ்நாட்டு முகாம்களில் ஒரு திட்டத்தை நடத்தினார். முகாம்வாசிகளிலிருந்தே தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் தொடர்ந்து சென்று பார்த்தார்கள். நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஒரு பாதுகாப்பு அட்டையைத் தயாரிக்க உதவினார்கள். 2017இல் வெளியான முடிவுகள் தற்கொலை நடத்தை குறைந்ததைக் காட்டின. இது கதையாடல் சிகிச்சை அல்ல. ஆனால் கேட்பவரும் அதே கதையை வாழ்ந்தவர் என்ற வகையில் அதற்கு நெருக்கமானது.

சட்டமும் இதே திசையில் நகர்ந்தது. தற்கொலை முயற்சி நெடுங்காலம் இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின் கீழ் குற்றம். விஷம் குடித்து வார்டில் கிடப்பவரின் கதை போலீஸ் கேஸாகவே தொடங்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்றது. தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் அது தந்தது.

தொழிற்பேட்டையும் ஒரு சொல்லும்

வட மாநிலத்து ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு இயந்திரத்தில் விரல்கள் போய்விட்டன என்று கொள்வோம். உடன் வந்தவர் சொன்னபடி ‘கவனக்குறைவு’ என்று சீட்டில் எழுதப்படுகிறது. மொழி தெரியாததால் அவர் எதுவும் சொல்வதில்லை. சில நாளில் அவரே அதை நம்பத் தொடங்குகிறார்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கவசத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதால் நேர்ந்த காயம் என்றால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேராத நிலையில், முதலாளி பொறுப்பிலிருந்து விலக முடிந்தது. சீட்டில் விழும் ஒரு வரிக்கு அவ்வளவு எடை உண்டு.

கதையாடல் முறையில் பழகிய பணியாளர் முதலில் மொழி தெரிந்த ஒருவரைத் தேடுவார். அந்தப் பயம் எந்த நேரத்தில் வருகிறது, வராத நேரம் உண்டா என்று கேட்பார். அன்று எத்தனையாவது ஷிஃப்ட், கவசம் இருந்ததா, யார் அகற்றச் சொன்னது என்றும் கேட்பார். முதல் வகைக் கேள்வி மனத்துக்கு. இரண்டாம் வகை உரிமைக்கு. பிரச்சினையை மனிதருக்கு வெளியே வைத்துப் பார்ப்பது இங்கே உருவகம் அல்ல. அது கவசம் இல்லாத இயந்திரத்தில் இருக்கிறது.

எல்லைகள்

மருந்து தேவைப்படுபவருக்கு இம்முறை மாற்றாகாது. இதே போன்ற பெயர் கொண்ட ‘கதைசொல்லல் வெளிப்பாட்டுச் சிகிச்சை’ வேறு. அது போர், பேரிடர் அதிர்ச்சிகளை வாழ்க்கை வரிசையில் வைத்துப் பேசுவது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் குழந்தைகளிடம் அதையும் தியானப் பயிற்சியையும் ஒப்பிட்டபோது இரண்டுமே பலன் தந்தன. எந்த முறை என்பதோடு, யாராவது தொடர்ந்து வந்து உட்கார்வதும் முக்கியம் என்று இதைப் படிக்கலாம்.

கூட்டம் நிறைந்த வார்டில் ஒரு மணி நேரம் கேட்க நேரம் இருக்காது. ஆனால் எழுதியதை நோயாளிக்கே படித்துக் காட்டி, ‘இது சரியா?’ என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். 1895இல் சரிபார்க்கப்பட்டவர் நோயாளி. இன்று சரிபார்க்க வேண்டியவரும் அவரே.