பேராசிரியரின் பரிந்துரைக்கு வந்த பதில்

தைராய்டுக்கு டி.எஸ்.எச். டெஸ்ட் எடுத்திருக்கீங்களா? ரத்தத்தில் துளியூண்டு இருக்கிற ஹார்மோனையும் அளக்கலாம்னு காட்டியவர்களில் ஒருவர் ரோசலின் யாலோ. அவரை மேற்படிப்புக்குச் சேர்த்துக்கச் சொல்லிப் பரிந்துரைத்த பேராசிரியருக்கு என்ன பதில் வந்துச்சு தெரியுமா? அதுதான் இந்த த்ரெட்.

நம்ம ஊர்ல சிபாரிசுன்னா மந்திரி லெட்டர்னு நினைப்போம். இது வேற. "இந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தேன், ஆராய்ச்சிக்குத் தேறும்"னு வாத்தியார் சொல்ற சாட்சி.

1940, நியூயார்க். ஹன்டர் கல்லூரியில் இயற்பியல் கடைசி வருஷம். வீட்டில் "ஸ்கூல் டீச்சர் ஆயிடு" என்றார்கள். பேராசிரியர்கள் விடவில்லை.

பர்டூ பல்கலைக்கழகத்தின் பதில் சாரம் இதுதான்: இவர் நியூயார்க்காரர், யூதர், பெண். படிச்சு முடிச்சதும் வேலை கிடைக்கும்னு நீங்க உத்தரவாதம் கொடுத்தா உதவித்தொகையோட சேர்த்துக்கறோம்.

திறமை பத்தாதுன்னா உதவித்தொகைப் பேச்சே வந்திருக்காது. வேலைக்கு உத்தரவாதமா? எந்த வாத்தியாரால் அதைக் கொடுக்க முடியும்?

ஜெரால்ட் சக்கரியாஸ் என்ற பேராசிரியர் வேற வழி பார்த்தார். யாலோவுக்கு டைப்பிங் தெரியும். கொலம்பியாவில் ஷோன்ஹைமர் என்ற உயிர்வேதியியல் அறிஞரிடம் பகுதிநேரச் செயலாளர் வேலை வாங்கிக் கொடுத்தார். அப்படியே பின்வாசல் வழியா மேற்படிப்பு வகுப்புக்குள்ள போயிடலாம்னு கணக்கு. நிபந்தனை, சுருக்கெழுத்து கத்துக்கணும். இயற்பியல் பட்டதாரிக்கு!

1941 பிப்ரவரியில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் உதவி ஆசிரியர் பணியோட இடம் கொடுத்தது. சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழிச்சுப் போட்டுட்டார். அங்கே போனா, பொறியியல் புலத்தில் 400 பேரில் இவர் ஒருத்தர்தான் பெண். 1917-க்குப் பிறகு முதல் பெண்ணாம். காரணத்தை அவரே பூசி மெழுகாம சொன்னார்: ஆண்களை ராணுவத்துக்கு எடுத்ததால் இடம் காலியாச்சு.

1945-ல் டாக்டர் பட்டம். அப்புறம் பிராங்க்ஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் டாக்டர் சாலமன் பெர்சனோடு ஆராய்ச்சி. இன்சுலின் ஊசி போடுபவர்கள் உடம்பில் அதற்கு எதிரணுக்கூறு உருவாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. 'இவ்ளோ சின்ன மூலக்கூறுக்கு எதிரணுக்கூறா?'ன்னு 1955-ல் ஒரு மருத்துவ இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அந்த எதிரணுக்கூறையே அளவுகோலாக்கிப் பிறந்ததுதான் ரேடியோ இம்யூனோ அஸ்ஸே. இன்னைக்கு நம்ம லேப்ல கதிரியக்கம் இல்லாத முறைகள் வந்தாச்சு, அடிப்படை அதுவேதான்.

1972-ல் பெர்சன் இறந்துட்டார். 1977-ல் யாலோவுக்கு மருத்துவ நோபல். பழைய நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமா வெச்சிருந்தார். நோபல் உரையில் அதை ஒரு படமாவே போட்டுக் காட்டினார்.