நம்பர் பிளேட்டைப் பிடிச்சிருக்கும் அந்த ரெண்டு திருகாணி

வயலைப் பத்தி எழுதி எழுதி உங்களுக்கும் அலுத்திருக்கும். இன்னிக்கு ஒரு மாறுதலுக்கு, கார் நம்பர் பிளேட்டை முடுக்கி வைக்கிற திருகாணியோட கதை. இதுல போய் என்ன வரலாறுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன், 2015 டிசம்பர் வரைக்கும்.

என் தங்கச்சி வீடு சென்னை கோட்டூர்புரத்துல இருக்கு. அடையாறு ஆத்துக்குப் பக்கத்துத் தெரு. அந்த வருசம் டிசம்பர் 1-ம் தேதி பேய்மழை. செம்பரம்பாக்கத்துல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்து விட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா அடையாறு கரை மீறிச்சு. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணிக்குள்ள. தங்கச்சி வீட்டு மாப்பிள்ளையோட பழைய மாருதி 800 வாசல்லயே முழுகிப் போச்சு. அவங்க அப்பா வாங்கின வண்டி அது.

ரெண்டு வாரம் கழிச்சு நான் ஒரு மூட்டை அரிசியும் கொஞ்சம் பருப்பும் எடுத்துக்கிட்டுப் போனேன். தெருவெல்லாம் சேறு, நாத்தம், வெளியில தூக்கிப்போட்ட மெத்தை. வண்டியைப் பாத்தா முன்னாடி நம்பர் பிளேட்டைக் காணோம். எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. ஏன்னா அந்த வருசம் பொங்கலுக்குப் போயிருந்தப்ப, அந்த பிளேட்டுல ஒரு பக்கத்துத் திருகாணி மரை தேஞ்சு ஆடிக்கிட்டு இருந்துச்சு. மாப்ள மெக்கானிக்கிட்ட விடலாம்னு சொன்னார். நான்தான், “அட விடுங்க மாப்ள, இதுக்குப் போயி மெக்கானிக்கா”ன்னு கட்டுக்கம்பியை வச்சு முறுக்கி விட்டேன். வேலி கட்டுற கை. வெள்ளம் வந்தப்ப அந்தக் கம்பி அத்துக்கிச்சு. இன்னொரு திருகாணி தனியாத் தாங்கல.

போனா போகுது, தகரம்தானேன்னு விட முடியாது. இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் படம் எடுக்கணும், நம்பர் தெரியணும். அதைவிடப் பெரிய பயம், அந்த பிளேட் வேற எவன் கையிலயாவது கிடைச்சு, வேற வண்டியில மாட்டிக்கிட்டு சுத்தினா? நாளைக்கு ஒரு விபத்துன்னா போலீஸ் வந்து நிக்கிறது மாப்ள வீட்டு வாசல்லதான். தங்கச்சி ஒண்ணும் சொல்லல. “அண்ணே, நீ சாப்பிடு மொதல்ல”ன்னு மட்டும் சொன்னா. அதுவே குத்துச்சு.

இப்ப கொஞ்சம் பின்னாடி போவோம்.

வண்டிக்கு நம்பர் போடணும்னு முதல்ல உத்தரவு போட்ட ஊர் பாரிஸ். 1893 ஆகஸ்ட் 14-ல அந்த ஊர் போலீஸ் போட்ட உத்தரவு. இங்கிலாந்துல 1903-ல சட்டம் கொண்டு வந்து, 1904 ஜனவரி 1-ல இருந்து நம்பர் கட்டாயம் ஆச்சு. நம்ம மெட்ராஸ் ஒண்ணும் சளைச்ச ஊர் இல்ல. 1903-லயே சிம்சன் கம்பெனியில சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒண்ணு கட்டினார். டிராக்டர் வச்சிருக்கிறவங்களுக்கு சிம்சன் பேர் புதுசு இல்ல, டாஃபே வண்டிக்குள்ள ஓடுற இன்ஜின் அவங்க இன்ஜின்தான். மெட்ராஸ்ல எம்.சி. 1 என்ற நம்பர் துறைமுகத்தை நிர்வாகம் பண்ணின சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காருக்கு. எம்.சி. 3 விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கட்டின நம்பெருமாள் செட்டியார் காருக்கு.

அப்புறம் 1914-ல இந்தியா முழுசுக்கும் ஒரு மோட்டார் வாகனச் சட்டம், 1939-ல இன்னொண்ணு, 1988-ல இப்ப இருக்கிறது. இந்தக் கடைசிச் சட்டம் 1989 ஜூலை 1-ல நடைமுறைக்கு வந்த பிறகுதான் ‘டி.என்.’ என்று ஆரம்பிக்கிற நம்பர் வந்தது. அதுக்கு முன்னாடி எங்க மதுரைப் பக்கத்து வண்டின்னா எம்.டி.யு. எங்க ஊருக்கு எம்.டி.யு. நம்பர் போட்ட கார் ஒண்ணு வந்தா நாங்க பின்னாடியே ஓடுவோம்.

இந்தச் சட்டமெல்லாம் எழுத்து எவ்வளவு உயரம், என்ன நிறம், எவ்வளவு இடைவெளி என்பதைப் பத்தித்தான் கவலைப்பட்டுச்சு. அந்தத் தகட்டை வண்டியில எது பிடிச்சிருக்கு என்பதைப் பத்தி ரொம்ப நாளைக்குப் பெருசா யாரும் யோசிக்கல. அது மெக்கானிக் பாடு, நம்ம பாடு.

திருகாணிக்கும் தனிக் கதை இருக்கு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க கம்மலுக்குப் பின்னாடி முடுக்குறதும் திருகாணிதான். மரை தேஞ்சா கம்மல் எங்கயோ விழுந்துரும், வீடே தலைகீழாகும். ‘மரை கழண்டவன்’னு ஒருத்தனைத் திட்டுறோமே, அதுவும் இதே மரைதான். தட்டான் ஒவ்வொரு கம்மலுக்கும் அதுக்குன்னு தனியா மரை வெட்டுவார், ஒண்ணோட திருகு இன்னொண்ணுக்குச் சேராது. பட்டறைகள்லயும் அப்படித்தான் இருந்துச்சு. ஆளாளுக்கு ஒரு மரை. 1841-ல இங்கிலாந்துல ஜோசப் விட்வொர்த் என்பவர்தான் எல்லாருக்கும் ஒரே மரை வைக்கலாம்னு ஒரு கணக்குச் சொன்னார். மரையோட கோணம் 55 டிகிரி. 1864-ல அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரின்னு வேற ஒண்ணு சொன்னார். ரெண்டாம் உலகப் போர்ல இந்த நாட்டு போல்ட்டு அந்த நாட்டு நட்டுக்குச் சேராம திண்டாடினப்பதான் இதோட கஷ்டம் புரிஞ்சுது. 1948-ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் ஒரே இன்ச் மரைக்கு ஒத்துக்கிச்சு.

நம்ம நாட்டுல ரெண்டும் கலந்து கிடந்துச்சு. அம்பாசடர் இங்கிலாந்து மோரிஸ் வழியா வந்ததால இன்ச் அளவு. ஃபியட் இத்தாலியில இருந்து வந்ததால மில்லிமீட்டர் அளவு. 1956-ல மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகும் எங்க டிராக்டர் பெட்டியில இன்ச் ஸ்பேனரும் எம்எம் ஸ்பேனரும் சேர்ந்துதான் கிடக்கும். கிட்டத்தட்டச் சேர்ற அளவை வச்சு பலமாத் திருப்புறது நம்ம பழக்கம். மரையோ தலையோ போறது அங்கதான்.

தலை போறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. பழைய திருகாணிக்கு ஒரே கோடு. கூட்டல் குறி போட்டது அப்புறம் வந்தது. அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ் 1936-ல காப்புரிமை வாங்கி அதைப் பரப்பினார், காடிலாக் கார்லதான் அது முதல்ல பெருசாப் போச்சு. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்ப, சுசூகியோட சேர்ந்து ஜப்பான் கூட்டல் குறியும் வந்துச்சு. பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா குழியோட வடிவம் கொஞ்சம் வேற. பிலிப்ஸ் திருப்புளியை அதுல வச்சா அடிவரைக்கும் இறங்காது. அழுத்தம் குறைஞ்ச உடனே வழுக்கி மேல வரும், ஒவ்வொரு தடவையும் தலையைக் கொஞ்சம் தின்னுட்டு வரும். நாலு தடவையில குழி வட்டமாயிரும். மாருதிக்காரங்க நிறையப் பேர் திருகாணி மட்டம்னு திட்டினாங்க. தப்பு கையில இருந்த திருப்புளி மேல.

துருவும் இருக்கு. பிளேட் அலுமினியம், திருகாணி இரும்பு. ரெண்டு உலோகம் ஒண்ணா இருந்து நடுவுல உப்புத்தண்ணி பட்டா அரிப்பு சீக்கிரம் வரும். சென்னையில கடல் காத்தே போதும். அதுல ஆத்துச் சேறும் சேர்ந்தா கேக்கவே வேணாம்.

கோட்டூர்புரத்துக்கு வருவோம். மறுநாள் காலையில பக்கத்துத் தெரு வாட்ச்மேன் ஒருத்தர், சேத்துல கிடந்ததெல்லாம் சுவர்ல சாத்தி வச்சிருக்கேன், வந்து பாருங்கன்னு சொன்னார். அஞ்சாறு பிளேட் வரிசையா நின்னுச்சு. நாலாவதா நம்ம பிளேட். அதுல என் கட்டுக்கம்பி இன்னும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மாப்ள அதைக் கையில வாங்கித் துடைச்சுட்டு, “மச்சான், உங்க கம்பி பிளேட்டை விடல, வண்டியைத்தான் விட்டுருச்சு”ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

அன்னிக்கு உக்காந்து முறையாச் செஞ்சோம். உங்களுக்கும் உதவும்னு வரிசையாச் சொல்றேன்.

முதல்ல கம்பி பிரஷ் போட்டு திருகாணித் தலையில இருந்த சேத்தைச் சுரண்டி எடுத்தோம். துருவை இளக்குற ஆயில் அடிச்சு ராத்திரி பூரா விட்டோம். இந்தக் காத்திருப்புதான் பாதி வேலை. காலையில சுத்தியால தலையில லேசா நாலு தட்டு, உள்ள ஒட்டின துரு விடும். அப்புறம் சரியான அளவுத் திருப்புளி. பலத்துல முக்கால் பங்கு அழுத்துறதுக்கு, கால் பங்கு திருப்புறதுக்கு. முதல்ல இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழட்டுற பக்கம். பின் பிளேட்டுல ஒண்ணு இதுலயே வந்துருச்சு.

இன்னொண்ணுல குழியே இல்ல. சைக்கிள் டியூப் துண்டை நடுவுல வச்சு அழுத்திப் பாத்தோம், வரல. ஹாக்சா பிளேடால தலையில ஒரு கோடு அறுத்து, தட்டைத் திருப்புளி போட்டோம், அசைஞ்சுச்சு. முன்னாடி ஒண்ணு அதுக்கும் மசியல. நடுவுல புள்ளி குத்தி, 3 எம்எம் பிட்டுல ஆரம்பிச்சு, கை ட்ரில்லால தலையை எடுத்தோம். நெருப்பு காட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பம்பர் பிளாஸ்டிக், பின்னாடி பெட்ரோல் டேங்க்.

தேஞ்ச ஓட்டைக்கு அதைவிடப் பெரிய திருகாணியை முரட்டுத்தனமா ஏத்தினா இன்னும் ஒரு வருசம் ஓடும், அவ்வளவுதான். பின்னாடி கை போகிற இடம்னா முழு போல்ட்டும் நட்டும் போடுங்க. கை போகாத இடம்னா பிளாஸ்டிக் நட்டு இல்லைன்னா ரிவெட் நட்டு. நாங்க 6 எம்எம் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட், நைலான் வாஷர், மரையில ஒரு துளி கிரீஸ் போட்டோம். நைலான் வாஷர் ரெண்டு உலோகத்தையும் பிரிச்சு வைக்கும். எழுத்து மேல ஓட்டை போடாதீங்க. ஒரு திருகாணித் தலை மறைச்சா எண் மாறித் தெரியும்.

ஒரு நாள் பூரா போச்சு. பொங்கலுக்கே செஞ்சிருந்தா அரை மணி நேரம்.

சட்டமும் கடைசியில இந்தத் திருகாணிகிட்ட வந்து நின்னுச்சு. 2001-ல மத்திய அரசு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கு விதி போட்டது. 1 எம்எம் அலுமினியம், சக்கரம் போட்ட ஹோலோகிராம், லேசர்ல தனி எண். முக்கியமா, பின் பிளேட்டுக்குத் திருப்புளியால கழட்டவே முடியாத ஸ்னாப் லாக். எடுக்கணும்னா உடைக்கணும், உடைச்சா மறுபடி மாட்ட முடியாது. திருட்டு வண்டிக்கு நம்பர் மாத்துற வேலையைத் தடுக்கத்தான் இது. இதை எதிர்த்த வழக்குல 2004 நவம்பர் 30-ல உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏத்துக்கிச்சு. அப்படியும் மாநிலங்கள்ல இழுத்துக்கிட்டே போய், 2019 ஏப்ரல் 1-ல இருந்து புது வண்டிகளுக்குக் கம்பெனியே இந்த பிளேட்டைக் கொடுக்கணும்னு ஆச்சு. பாரிஸ் உத்தரவுல இருந்து கணக்குப் போட்டா, எழுத்தைப் பத்தி மட்டும் பேசின சட்டம் அதைப் பிடிச்சிருக்கிற ஆணியைப் பத்திப் பேச நூறு வருசத்துக்கு மேல ஆயிருக்கு.

அதனால புது வண்டி வச்சிருக்கிறவங்க ஸ்னாப் லாக் உடைஞ்சா நான் மேல சொன்ன கைவேலையெல்லாம் செய்யாதீங்க. சாதா போல்ட் போட்டா விதிக்கு ஒத்து வராது. டீலர்கிட்டப் போய் முறையா மாத்துங்க. பிளேட்டே தொலைஞ்சா அன்னிக்கே போலீஸ்ல எழுதிக் கொடுத்துருங்க. எங்களுக்கு வாட்ச்மேன் கிடைச்சார், எல்லாருக்கும் கிடைக்க மாட்டார்.

அந்த மாருதி அதுக்கப்புறம் ஓடல. இன்ஜினுக்குள்ள சேறு போயிருச்சு, இன்சூரன்ஸ் கணக்கை முடிச்சு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. போறப்ப முன்னாடியும் பின்னாடியும் நம்பர் ஆடாம, நேரா இருந்துச்சு. மாப்ள ரொம்ப நேரம் தெருமுனை வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னார்.

ஊருக்கு வந்த மறுநாள் நான் செஞ்ச முதல் வேலை, டிரெய்லர்ல கம்பி போட்டுக் கட்டி வச்சிருந்த நாலு இடத்தையும் பிரிச்சு போல்ட் போட்டதுதான். வேலிக்குக் கம்பி சரி. நீங்களும் நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கிறப்ப நம்பர் பிளேட்டை ஒரு தடவை கையால ஆட்டிப் பாருங்க.