அந்த 64 பைட் யாருக்குச் சொந்தம்?

இன்னிக்கு எபிசோடை ஒரு ஹாஸ்டல் ரூம்ல ஆரம்பிக்கிறேன். காலேஜ் செகண்ட் இயர், ராத்திரி ஒரு மணி, காலையில லேப் சப்மிஷன். என்கிட்ட இருந்தது அரசு கொடுத்த இலவச லேப்டாப். விண்டோஸும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்த மெஷின். எனக்கு பாஸ் வேணாம், உபுண்டு வேணும். அதனால விண்டோஸ்ல இருந்துக்கிட்டே அந்த லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் பண்ணிட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா, கறுப்பு ஸ்கிரீன்ல 'கிரப் ரெஸ்க்யூ'ன்னு ஒரே ஒரு வரி. லினக்ஸ் போனா போகட்டும், விண்டோஸும் வரல!

ஏன் வரலன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. அதுக்கு 1983-க்குப் போகணும்.

1981-ல வந்த முதல் ஐபிஎம் பிசியில ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஓஎஸ் மாத்தணும்னா ஃபிளாப்பியை மாத்தினா போதும். ரொம்ப நிம்மதியான டூயல் பூட். 1983 மார்ச்ல பிசி எக்ஸ்டி வந்துச்சு. அதுல 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இப்போ ஓஎஸ் உள்ளேயே குடியிருக்கு, அப்போ இன்னொண்ணுக்கு எங்க இடம்? டாஸ் 2.0 ஒரு வழி பண்ணுச்சு. டிஸ்க்கோட முதல் செக்டர் 512 பைட். அதுல 446 பைட் ஒரு குட்டி புரோகிராமுக்கு, கடைசி 2 பைட் ஒரு முத்திரைக்கு, நடுவுல 64 பைட் ஒரு அட்டவணைக்கு. ஆளுக்கு 16 பைட்னு நாலு பேருக்கு இடம். 'இந்த டிஸ்க்ல என்னைத் தவிர இன்னும் மூணு பேர் இருக்கலாம்'னு ஒப்புக்கிட்ட அட்டவணை அது. வெறும் 10 எம்பிக்கு இவ்வளவு தாராளமான்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனா மெனு எதுவும் கிடையாது. நாலுல ஒண்ணுதான் 'ஆக்டிவ்'. மாத்தணும்னா எஃப்டிஸ்க்ல போய் மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணணும்.

லினக்ஸே இப்படி ஒரு ஒண்டுக்குடித்தனத்துலதான் பிறந்துச்சு. 1991 ஜனவரியில லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 மெஷின் வாங்கி அதுல மினிக்ஸ் போட்டார். செப்டம்பர்ல வெளியிட்ட லினக்ஸ் 0.01-ஐ கம்பைல் பண்ணவே மினிக்ஸ் வேணும். அப்புறம் ஒரு நாள் யுனிவர்சிட்டிக்கு டயல் பண்றப்போ, மோடம்னு நினைச்சு ஹார்ட் டிஸ்க்குக்கே டயல் கமாண்டை அனுப்பிட்டார். மினிக்ஸ் பார்ட்டிஷன் காலி. அதைத் திரும்பப் போடாம, லினக்ஸ்லயே இருந்துடலாம்னு முடிவு பண்ணார். அவரே சுயசரிதையில சொல்லியிருக்கார். இதைப் படிச்சப்போ என் ஹாஸ்டல் கதை கொஞ்சம் கௌரவமாச்சு.

மெனு மாதிரி ஒண்ணு வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதின லைலோல வந்துச்சு. அது ஸ்டார்ட் ஆகும்போது எல், ஐ, எல், ஓ-ன்னு எழுத்து எழுத்தா ஸ்கிரீன்ல விழும். ரெண்டாவது எழுத்தோட நின்னா எந்தக் கட்டத்துல மாட்டிக்கிச்சுன்னு கண்டுபிடிச்சிடலாம். 1995-ல எரிக் போலின், குனூ ஹர்டை பூட் பண்றதுக்காக கிரப் எழுத ஆரம்பிச்சார். என்னைக் காலை வாரினது இவரோட வாரிசுதான். கிரப்போட தலை முதல் செக்டர்ல இருக்கும், உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷன்ல இருக்கும். வாட்ச்மேனை வாசல்ல நிறுத்திட்டு, சாவிக்கொத்தைக் கிணத்துல போட்டிருந்தேன் நான்.

சரி, இதுவரை டெக்னாலஜி. இனிமேதான் சண்டை.

ஆப்பிள்ல பெரிய பொறுப்புல இருந்த ழான்-லூயி காஸே, 1990-ல பீ-ன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அவங்களோட பீஓஎஸ் 1998-ல இன்டெல் மெஷின்களுக்கும் வந்துச்சு. அந்தக் காலத்து பிசியிலேயே நாலஞ்சு வீடியோவை ஒரே நேரத்துல ஓட்டிக் காட்டுவாங்க. விண்டோஸைத் தூக்கிப் போட முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும். அவங்க கேட்டது பக்கத்துல ஒரு சீட்தான். பிசி தயாரிக்கிற கம்பெனிகள்கிட்ட, 'ஆன் பண்ணா எங்க ஓஎஸ்ஸும் சாய்ஸா தெரியணும், அப்படிச் செஞ்சா இலவசமாவே தர்றோம்'னாங்க.

ஜப்பான்ல ஹிட்டாச்சி ஒத்துக்கிச்சு. அவங்க ஃப்ளோரா பிரியஸ் மெஷின்கள்ல பீஓஎஸ் போய் உட்கார்ந்துச்சு. ஆனா ஆன் பண்ணா நேரா விண்டோஸ். மெனு இல்ல. காசு கொடுத்து வாங்கினவர், தனியா ஒரு பூட் ஃபிளாப்பி தயார் பண்ணாத்தான் தன் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிற ஓஎஸ்ஸைப் பார்க்க முடியும். மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் ஒப்பந்தம்தான் காரணம்னு பீ குற்றம் சாட்டுச்சு. அந்த ஒப்பந்தங்கள் ரகசியம். பிசி கம்பெனி எதுவும் வாயைத் திறக்காது.

2001-ல பீயோட சொத்துக்களை பாம் கம்பெனி 1.1 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. 2002 பிப்ரவரியில பீ வழக்கு போட்டுச்சு. 2003 செப்டம்பர்ல, தப்பு எதையும் ஒப்புக்காமலேயே மைக்ரோசாஃப்ட் 2.325 கோடி டாலர் கொடுத்து முடிச்சுது. எனக்கு வலிக்கிற இடம் இதுக்கு நடுவுல இருக்கு. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல போட்ட பெரிய வழக்குல 2002 நவம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. விண்டோஸுக்கு முன்னாடி வேற ஓஎஸ்ஸை பூட் பண்ற வசதியை பிசி கம்பெனிகள் கொடுத்தா மைக்ரோசாஃப்ட் தடுக்கக்கூடாதுன்னு அதுல தெளிவா ஒரு ஷரத்து. அதாவது பீ கேட்ட அதே சீட். உட்காரத்தான் ஆள் இல்ல.

பத்து வருஷம் கழிச்சு, 2012-ல, விண்டோஸ் 8-ஓட செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத பூட்லோடரை மெஷின் உள்ளேயே விடாது. வைரஸைத் தடுக்க நல்ல யோசனைதான், அதை நான் குறை சொல்லல. ஆனா பெரும்பாலான பிசியில இருக்கிற சாவி மைக்ரோசாஃப்டோடது. மாத்யூ காரெட் மாதிரி ஆட்கள் 'ஷிம்'னு ஒரு குட்டி புரோகிராம் எழுதி, மைக்ரோசாஃப்ட்கிட்டேயே கையெழுத்து வாங்கி, அது வழியா லினக்ஸை உள்ளே கொண்டுவந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய ஓட்டையுள்ள பூட்லோடர்களைத் தடுக்க வந்துச்சு. டூயல் பூட் மெஷினுக்கு இது போகாதுன்னாங்க, போச்சு. பல பேருக்கு லினக்ஸ் பக்கம் திறக்கவே இல்ல.

நம்ம ஹாஸ்டல் ரூமுக்கு வருவோம். பக்கத்து ரூம் நண்பன்கிட்ட விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க் இருந்துச்சு. அதைப் போட்டு அந்த 446 பைட்டை மட்டும் திரும்ப எழுதினோம். 64 பைட் அட்டவணை அப்படியே பத்திரமா இருந்துச்சு. நாலு மணிக்கு விண்டோஸ் வந்துச்சு, சப்மிஷனும் ஒருவழியா முடிஞ்சுது. உபுண்டு அடுத்த வாரம்தான் போட்டேன், பேக்கப் எடுத்துட்டு.