மேஸ்திரி என்ற பட்டம்



காலை ஏழு மணிக்குத் தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்த்திருப்பீர்கள். கையில் தூக்குச் சட்டியும் பையில் மாற்றுத் துணியுமாகக் கொத்தனார்களும் சித்தாள்களும் ரோட்டோரம் காத்திருப்பார்கள். பைக்கில் ஒருவர் வந்து நிற்பார். "நாலு பெரியாள், ரெண்டு சித்தாள்" என்பார். அன்றைக்கு யார் வீட்டில் அடுப்பு எரியும் என்பது அதோடு முடிவாகிவிடும். அவரைத்தான் 'மேஸ்திரி' என்கிறோம். நம் பங்கிலேயே அந்தப் பட்டத்தோடு வாழ்கிறவர்கள் பலர் உண்டு. மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் அறிவித்தார். அந்தத் திருநாளை ஒட்டி இந்தச் சொல்லின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

மேஸ்திரி தமிழில் பிறந்த சொல் அல்ல. போர்த்துக்கீசியரின் 'மெஸ்த்ரெ' நம் வாயில் மேஸ்திரி ஆனது. வடக்கே அதுவே 'மிஸ்திரி'. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று வீட்டுக்கு வேண்டிய பாதிச் சொற்களை அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். (எங்களைச் சொல்லும் 'பாதிரி'யும் அதே கப்பலில் வந்து இறங்கியதுதான்.) 1520-களில் மயிலாப்பூரில் குடியேறிய அவர்கள், 1547-இல் நம் பரங்கிமலையின் மேல் ஆலயம் எழுப்ப மண்ணைத் தோண்டியபோது கற்சிலுவை வெளிப்பட்டது என்பது நமக்குத் தெரிந்த வரலாறு. கடப்பாறை பிடித்தவர் யார், அவரை நிறுத்தி வேலை வாங்கியவர் யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

மெஸ்த்ரெவுக்கு வேர், இலத்தீன் மொழியின் 'மாஜிஸ்தெர்'. பொருள், ஆசிரியர். குருமடத்தில் இலத்தீன் படித்த நாங்கள் அதை நற்செய்தியில்தான் முதலில் சந்தித்தோம். இலத்தீன் விவிலியத்தில் சீடர்கள் ஆண்டவரை அழைக்கும் சொல் அது. சீடர்களின் காலடியைக் கழுவிவிட்டு, 'என்னை அப்படி நீங்கள் அழைப்பது சரிதான்' என்று அவரே ஏற்றுக்கொண்ட பட்டம். ஆங்கிலத்தின் 'மாஸ்டர்' அதே வேரில் பிறந்ததுதான். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தையல் மாஸ்டர் எல்லாரும் நம் மேஸ்திரிக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

இப்படி 'கற்றுக்கொடுப்பவர்' என்று பிறந்த சொல், கடல் தாண்டியபோது 'ஆள் பிடிப்பவர்' என்று ஆனது. பர்மாவுக்கு ஆள் சேர்த்தவர் மேஸ்திரி. இலங்கைக்கும் மலேயாவுக்கும் சேர்த்தவர் கங்காணி. கண்ணால் காண்பவர், கவனித்துக்கொள்பவர் என்ற நல்ல தமிழ்ச் சொல் அது. இலங்கையில் காப்பித் தோட்டக் காலத்திலிருந்தே பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி என்று அடுக்கு இருந்தது. சொந்த ஊருக்கு வந்து, சொந்த சாதிசனத்துக்கு முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார்கள். அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் 'தலைக்காசு' உண்டு. இதைவிடக் கொடியது 'துண்டு'. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் ஆளைக் கூட்டிப் போகலாம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு. மனிதனின் விலை ஒரு துண்டுக் காகிதத்தில்! 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

கங்காணியை மட்டும் ஏசிவிட்டுப் போவது நியாயமில்லை. விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். செங்கல் கணக்குக் குறைந்தபோது முதலில் அடிபட்டவர்கள், பார்வோனின் ஆட்கள் இஸ்ரயேலருக்குள்ளிருந்தே நியமித்த மேற்பார்வையாளர்கள்தான். மேலிருந்து அடி, கீழிருந்து சாபம். வீட்டுக்காரர் பில்லை இழுத்தடிக்கும்போது சனிக்கிழமைக் கூலிக்கு வட்டிக்கு வாங்கும் மேஸ்திரிக்கு இந்த அதிகாரம் நன்றாகப் புரியும்.

அதே நூலின் முதல் அதிகாரத்தில், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, அடிமைகளை வேலை வாங்கியவர்களுக்கு 'எபிஸ்தாத்தேஸ்' என்ற சொல்லை வைக்கிறது. லூக்கா நற்செய்தியில், இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காத பேதுரு, இயேசுவை அழைப்பதும் அதே சொல்லால்தான். நாம் அதை 'ஐயா' என்று வாசித்துவிட்டுப் போகிறோம். திருச்சபையும் இந்தப் பட்டங்களிலிருந்து தள்ளி நிற்கவில்லை. 'பிஷப்' என்பதற்கு வேரான 'எபிஸ்கோப்போஸ்' என்றால் மேற்பார்ப்பவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதற்கு வைத்த சொல் 'கண்காணி'. நம் பொது மொழிபெயர்ப்பில் 'சபைக் கண்காணிப்பாளர்'. ஆக, ஆயருக்கும் கங்காணிக்கும் பட்டம் ஒன்றே. குருக்களாகிய நாங்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தெருக்களில் அடுக்குமாடி கட்டுகிற பிள்ளைகளிடம், முன்பணத்தைக் காட்டி, வேறு இடத்துக்குப் போகாதே என்று தடுத்தால், அது அந்தப் பழைய துண்டேதான். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் கலவை தூக்க வந்த பையன் இன்று கொத்தனார். முப்பது வருடமாகக் கலவை தூக்கும் அம்மா இன்றும் சித்தாள்தான். கூலியும் சித்தாள் கூலிதான். "பொம்பளைக்குக் கரண்டி வேலை வராது" என்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள்? சுவர் சாய்ந்திருக்கிறதா என்று கீழே நின்றபடியே கண்ணால் சொல்லிவிடும் பெண்கள் அவர்கள். ரசமட்டம் அப்புறம்தான். நற்செய்தியில் புனித யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் ஊரார் இயேசுவைத் 'தச்சர்' என்றே அழைக்கும்படி தொழிலைக் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

நம் பங்கின் மேஸ்திரிகளே, கல்லறைத் தோட்டத்தின் பின்பக்க மதில் இன்னும் பூசாமல் நிற்கிறது. சிமென்டும் மணலும் நாங்கள் தருகிறோம். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் உங்களிடம் வேலை செய்யும் சித்தாள் ஒருவரை அழைத்து வாருங்கள். கரண்டியை அவர் கையில் கொடுங்கள். கோணலாக வந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம்.