தசை அளவும் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிந்தைய தேறுதலும்

உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் நோயாளி எப்படித் தேறுவார் என்பதை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களுள் தசையின் அளவும் ஒன்று. கல்லீரல் மாற்றில் இதற்குச் சான்று வலுவாக உள்ளது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இங்கிள்ஸ்பி குழுவினர் 163 பேரின் சி.டி. படங்களில், முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையின் பரப்பை அளந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். தசை மிகக் குறைந்த கால்பங்கினரில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரே ஓராண்டைக் கடந்தனர். மிகுந்த கால்பங்கினரில் 87 விழுக்காட்டினர். தசைக்குறைவு நோய் முற்றியதன் விளைவுதானே, தனியாக அளப்பானேன் என்று கேட்கலாம். ஆனால் நோயின் கடுமையைக் கணிக்கும் மெல்ட் மதிப்பெண்ணில், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினினும் சேர்கிறது. அது தசையிலிருந்து பிறப்பது. மெலிந்தவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் அதன் அளவு குறைவாகவே காட்டும். ஆக, மதிப்பெண் குறைந்து, மிக நலிந்தவரே காத்திருப்புப் பட்டியலில் பின்தங்க நேர்கிறது. இது அநீதி.

கிணத்துக்கடவிலிருந்து கோவை மருத்துவமனைகளுக்குப் போய்வரும் கல்லீரல் நோயாளிக்கு எடை பார்த்தால் மட்டும் போதாது. வயிற்றில் நீர் கோத்தால் எடை ஏறும். தொடையும் தோளும் சூம்பிக்கொண்டே போகும். கைப்பிடி வலுவை அளப்பது எளிது: தசைமெலிவு பற்றிய ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த கீழ்வரம்பு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18. உணவைப் பொறுத்தவரை, ஈரல் கெட்டவர் பருப்பைத் தொடக்கூடாது என்பது பழைய எண்ணம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், படுக்கப்போகும் முன் சிற்றுண்டியும் இன்றைய பரிந்துரை. கொங்கு வீடுகளின் கொள்ளுப் பருப்பும் முட்டையும் இதற்கு உதவும். உணவாலும் பயிற்சியாலும் ஆயுள் கூடுமென்பதற்குச் சான்று இன்னும் போதவில்லை. எனினும் மெலிந்தவருக்கு அறுவையை மறுக்கத் தசை அளவீட்டைக் காரணம் காட்டக்கூடாது. அவரை முன்னரே தயார்ப்படுத்தவே அது பயன்பட வேண்டும்.