மெக்கின்லியின் கேன்டன் ஆண்டுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் வடமாநிலங்களின் சிற்றூர்களுக்குத் திரும்பிய இளம் படை அதிகாரிகளுள் பலர், சட்டம் பயின்று வழக்குரைஞராகி, அங்கிருந்து கவுன்டி எனப்படும் உள்ளூர் ஆட்சிப் பிரிவின் தேர்தல் பதவிகளை நோக்கி நகர்ந்தனர். இந்தப் பாதை தற்செயலாக உருவானதன்று. அக்காலத்தில் வழக்குரைஞராவதற்குப் பட்டம் கட்டாயமில்லை. அனுபவமுள்ள ஒருவரின் அலுவலகத்தில் சேர்ந்து, அவரிடமிருந்த சட்ட நூல்களைப் படித்து, தேர்வாளர்கள் முன் தேறினால் போதுமானதாக இருந்தது. அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்குரைஞரையும் கவுன்டி மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததால், நீதிமன்றத்துக்கும் தேர்தல் மேடைக்கும் இடையே பெரிய தொலைவு இருக்கவில்லை. பின்னாளில் நாட்டின் 25ஆம் குடியரசுத் தலைவரான வில்லியம் மெக்கின்லி, ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1867 முதல் 1876 வரை வாழ்ந்த வாழ்க்கை இப்பாதையின் தெளிவான சான்றாகும். அவருடைய அரசியலின் அடித்தளமும் இந்த ஆண்டுகளிலேயே இடப்பட்டது.

நைல்ஸ் என்ற சிற்றூரில் 1843இல் பிறந்த மெக்கின்லி, 1861இல் பதினெட்டு வயதில் 23ஆம் ஒஹாயோ காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். படையினருக்கு உணவு வழங்கும் பொறுப்பிலிருந்த சார்ஜென்டாக அவர் பணியாற்றியபோது, 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர் நடந்தது. பொறுப்பின்படி அவர் களத்துக்குப் பின்னே நின்றிருக்கலாம். ஆனால் பசித்தும் களைத்தும் போரிட்டுக்கொண்டிருந்த தம் படைப்பிரிவினருக்கு, குண்டுகள் பாயும் வெளியைக் கடந்து வண்டியில் உணவும் சூடான காப்பியும் கொண்டுசேர்த்தார். அச்செயலுக்காக, பிற்காலத்தில் ஒஹாயோ ஆளுநராகவும் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் என்ற மேலதிகாரியின் பரிந்துரையால் அவர் இரண்டாம் லெப்டினன்டாக உயர்த்தப்பட்டார். 1865இல் படையிலிருந்து விலகும்போது அவருக்கு மேஜர் என்ற பதவி சிறப்புத் தகுதியாக வழங்கப்பட்டிருந்தது. ஊதியத்திலோ அதிகாரத்திலோ முழு உயர்வைத் தராத இத்தகைய பதவி, வீரத்துக்கும் சேவைக்கும் செய்யப்பட்ட மரியாதையாகும்.

யங்ஸ்டவுனில் ஒரு வழக்குரைஞரிடம் சட்டம் படித்து, ஆல்பனி சட்டப் பள்ளியிலும் சில காலம் பயின்று, 1867இல் வழக்குரைஞராகப் பதிவுபெற்ற அவர், தம் சகோதரி ஆசிரியையாக இருந்த கேன்டனுக்குக் குடிபெயர்ந்தார். அது ஸ்டார்க் கவுன்டியின் தலைநகராதலால் நீதிமன்றம் அங்கேயே இருந்தது. மூத்த வழக்குரைஞரான ஜார்ஜ் பெல்டன் விரைவில் அவரைத் தம் தொழிற்கூட்டாளியாக ஏற்றார். அதே ஆண்டு ஹேய்ஸ் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது மெக்கின்லி அவருக்காகவும், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் மாநில அரசமைப்புத் திருத்தத்துக்காகவும் பேசினார். ஹேய்ஸ் குறுகிய வேறுபாட்டில் வென்றார், திருத்தம் தோற்றது. வாக்கு கேட்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே மக்களிடம் செல்வாக்கற்ற ஒரு நியாயத்தை முன்வைத்த துணிவு மதிக்கத்தக்கது.

ஜனநாயகக் கட்சிக்கு வலுவிருந்த ஸ்டார்க் கவுன்டியில், குடியரசுக் கட்சியினரான அவர் 1869இல் அரசு வழக்குரைஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1871இல் வில்லியம் லிஞ்ச் என்பவரிடம் 143 வாக்கு வேறுபாட்டில் பதவியை இழந்தார். அந்த ஆண்டிலேயே அவர் மணந்த ஐடா சாக்ஸ்டனுக்குப் பிறந்த இரு பெண் குழந்தைகளும் பின்னர் சிறுவயதிலேயே இறந்தனர். மனைவி நிலையான நோயாளியானார்.

அவருடைய தொழில்வாழ்வின் உச்சம் 1876இல் வந்தது. அவ்வாண்டு வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும், அவர்களுக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது; மீண்டும் ஆளுநராகியிருந்த ஹேய்ஸ் மாநிலப் படையை அனுப்பினார்; தொழிலாளர்கள் கைதாயினர். கைதானவர்களுக்காக மெக்கின்லி ஊதியம் பெறாமல் வாதாட முன்வந்தார். எதிர்த்தரப்பில், முன்பு அவரைத் தோற்கடித்த லிஞ்சும், லிஞ்சின் தொழிற்கூட்டாளியான வில்லியம் டேயும் வாதாடினர். சுரங்க உரிமையாளர்களுள் ஒருவர் கிளீவ்லாந்து வணிகரான மார்க் ஹன்னா. மெக்கின்லி வாதாடியதன் பயனாக ஒருவரைத் தவிர மற்றவர்கள் அனைவரும் விடுதலை பெற்றனர்.

இவ்வழக்கை அவர் ஏற்றதைத் தேர்தல் கணக்கு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஸ்டார்க் கவுன்டியில் தொழிலாளர் வாக்கு பெரிதுதான். ஆனால் கலவரக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்களை நடுவர் குழு விடுவிக்கும் என்பதற்கு முன்கூட்டிய உறுதி எதுவுமில்லை. தம் பழைய படைத்தலைவர் அனுப்பிய படையை எதிர்கொண்டவர்களுக்காக நிற்பதால் சொந்தக் கட்சியினரின் மனத்தாங்கலுக்கும் அவர் ஆளாகக்கூடும். அதே ஆண்டு அக்டோபரில் அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று எதிர்த்தரப்பில் இருந்தவர்களுள், ஹன்னா 1896 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவருடைய பரப்புரையை முன்னின்று நடத்தினார். டே 1898இல் அவருடைய வெளியுறவு அமைச்சரானார்.