கையில் இருப்பது தெரிய வேண்டும்

அப்பா திருவொற்றியூரில் லேத் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது ஒரு எச்.எம்.டி. ஜனதா. வேலை நேரத்தில் அதைக் கழற்றி டிபன் பைக்குள் போட்டுவிடுவார். சுழலும் மெஷினில் செயின் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். உள்ளே நேரம் சொல்ல சங்கு இருந்தது. "வாட்ச் ஷிப்டுக்குப் போறதுக்குடா, ஷிப்டுல கட்டிக்க இல்ல" என்பார்.

எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச். உள்ளே சுருள்வில்லும் பற்சக்கரங்களும்தான். ஆட்டோமேட்டிக் வாட்சில் கை அசைய அசையச் சுழலும் ஒரு எடை, இயந்திரத்தின் மேல் இன்னொரு அடுக்காக உட்காரும். தண்ணீர் புகாமலிருக்க ரப்பர் வளையம், கனமான கண்ணாடி, திருகு மூடி என்று சேர்த்தால் இன்னும் தடிக்கும்.

எங்கள் பக்கம் அந்தத் தடிப்புக்குத்தான் மவுசு. 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக பீச் ஸ்டேஷன் அருகே பர்மா பஜார் வந்தது. ஹார்பர் ஆட்களுக்கு அங்கே வாங்கின ஸீக்கோ 5 என்றால் தனி கெத்து. விசேஷ வீட்டில் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்கள்.

அரைக்கை சட்டைக்கு அது சரி. முழுக்கை சட்டைக்குத் தடி வாட்ச் இடிக்கும், கைப்பட்டிக்குள் போகாது. ஆபீஸ் வேலைகள் பெருகியபோது மெல்லிசு வாட்சுக்கு ஆள் கிடைத்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், 2002-ல் எட்ஜ் வாட்சைக் கொண்டுவந்தது. மொத்தத் தடிமன் 3.5 மி.மீ., உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் இயந்திரம் வெறும் 1.15 மி.மீ. அதுவும் நம்ம ஓசூரில் செய்தது!

அப்பா ரிட்டயர் ஆனபோது அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். தங்கை கல்யாணத்தில் கட்டினார். "கையில இருக்கிறதே தெரியலயேப்பா" என்றார். நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். வாட்சைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "இத வெச்சா சேட்டு என்ன குடுப்பான்?"

என் ஸ்கூல் பீசுக்காக ஜனதா இரண்டு தடவை அடகுக் கடைக்குப் போய் வந்திருக்கிறது. அன்றுதான் எனக்குத் தெரியும்.

2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஜனதா இப்போது என்னிடம். காலையில் சாவி கொடுத்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.